என் மாமனார் பட்டுவாடா செய்த சந்திர பூட்ஸ்

நான் வாயைத் திறந்து சொன்ன பொய்கள் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. தலையை மட்டும் ஆட்டிச் சொன்ன ஒரே ஒரு பொய், ஐம்பது வருடம் தாண்டியும் திடகாத்திரமாக நடமாடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இளைஞர்களுக்கு என் அறிவுரை: பொய் சொல்ல வேண்டுமென்றால் வாயால் சொல்லுங்கள். கழுத்தை இதில் இழுக்காதீர்கள்.

அறுபத்தொன்பதாம் வருடம். சந்திரனில் மனிதன் இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. பல்லாவரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. வேலை என்றால், வெளிநாட்டுக்குப் போகிற அட்டைப் பெட்டிகளின் மேல் பசை தடவி லேபிள் ஒட்டுவது. கம்பெனிப் பதிவேட்டில் நான் 'பாக்கிங் உதவியாளர்'. வெளியே சொல்லிக்கொண்டது 'எக்ஸ்போர்ட் செக்‌ஷன்'. (இதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பெட்டிகள் எக்ஸ்போர்ட் ஆகத்தான் செய்தன. நான் மட்டும்தான் பல்லாவரத்தைத் தாண்டவில்லை.)

அப்போதுதான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண் பார்க்கப் போனோம், நானும் அம்மாவும். பெண்ணின் பெயர் எஸ்தர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவள் அப்பா தேவசகாயம், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். முப்பத்தைந்து வருடம் ஊரார் கடிதங்களைப் பிரிக்காமல் பட்டுவாடா செய்த மனிதர். அத்தனை வருடம் அடக்கி வைத்திருந்த ஆர்வம் முழுவதையும் ஓய்வுக்குப் பிறகு செய்தித்தாளின் மேல் காட்டிக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போன அன்று வரவேற்பறை மேசையில் வேதாகமம் ஒரு பக்கமும், சந்திரனைப் பற்றிய செய்திகளை வெட்டி ஒட்டிய தடிமனான நோட்டு ஒரு பக்கமும் இருந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம்.

ஜெபம் முடிந்தது. அச்சு முறுக்கு வந்தது. தேவசகாயம் ஆரம்பித்தார்.

"தம்பிக்கு எந்த டிபார்ட்மெண்ட்?"

"எக்ஸ்போர்ட் செக்‌ஷன்ங்க."

"எந்தெந்த நாட்டுக்கு?"

"இங்கிலாந்து, ஜெர்மனி... கொஞ்சம் அமெரிக்காவுக்கும் போகுதுங்க."

அவர் கையில் இருந்த காபி டம்ளர் மேசைக்கு இறங்கியது. "அமெரிக்காவுக்கா?" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. "அப்ப, தம்பி... சந்திரன்ல போட்டுகிட்டு நடந்தாங்களே ஒரு பூட்ஸ்... அதுல உங்க கம்பெனிக்கு ஏதாச்சும் பங்கு உண்டா?"

'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே எழுத்து. ஆனால் வாயில் முழு அச்சு முறுக்கு இருந்தது. அதை மென்று விழுங்குவதற்குள், அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த எஸ்தர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பெரிய கண்கள். அவற்றில் கொஞ்சம் ஆச்சரியம். என் வாழ்நாளில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் என்னை ஆச்சரியத்தோடு பார்த்ததில்லை. லேபிள் ஒட்டுகிறவனைப் பார்த்து யார் ஆச்சரியப்படுவார்கள்?

தலையை ஆட்டினேன். மேலிருந்து கீழாக, ஒரே தடவை.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். (அதை நான் உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டேன்.)

"எந்தப் பாகம் தம்பி?"

முறுக்கு இறங்கிவிட்டிருந்தது. இனி வாயும் சேர்ந்துகொண்டது. "அடிப்பாகங்க."

"சோலா!" தேவசகாயம் எழுந்தே விட்டார். சமையலறையிலிருந்த மனைவி பக்கம் திரும்பி, "சாராள், இங்க வா! மாப்பிள்ளை சந்திர பூட்ஸுக்கு சோல் பண்ணியிருக்காரு!" என்று கத்தினார். ஒரு நிமிடத்துக்கு முன் நான் தம்பி. இப்போது மாப்பிள்ளை.

அடுத்த மூன்று மாதமும் எனக்குச் சனிக்கிழமை என்றால் வாசகசாலை, ஞாயிற்றுக்கிழமை என்றால் தாம்பரம். சனிக்கிழமை பத்திரிகைகளில் படித்ததை ஞாயிற்றுக்கிழமை தேவசகாயத்திடம் ஒப்பிப்பேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. அந்த விண்வெளிக்காரர்கள் உடுப்போடு சேர்ந்த பூட்ஸ் ஒன்று போட்டுக்கொண்டு, அதற்கு மேல் இன்னொரு பெரிய பூட்ஸையும் மாட்டிக்கொள்வார்கள். நடப்பதற்கென்றே உள்ள மேல் பூட்ஸ் அது. உலோக இழை கலந்து நெய்த துணி. உள்ளே மெல்லிய தாள்களாகப் பல அடுக்கு. அடியில் நீல நிற ரப்பர், அதில் குறுக்கே பட்டை பட்டையாக மேடுகள். சந்திரனில் வெயில் பட்ட இடம் கொதிக்கும், நிழல் பட்ட இடம் உறைந்துபோகும்.

"கொதிக்கும்னா எவ்வளவு?" என்பார் தேவசகாயம்.

"தண்ணி கொதிக்கிறதைவிட அதிகம் மாமா."

"மே மாசத்து மீனம்பாக்கம்னு சொல்லுங்க" என்று நோட்டில் குறித்துக்கொள்வார்.

எஸ்தர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகே நின்று கேட்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். ஊராரின் பேச்சையெல்லாம் நாள் முழுக்கக் காதில் வாங்கி இணைப்புக் கொடுக்கிறவள் அவள். குரலை வைத்தே ஆளை எடைபோடக் கூடியவள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் மௌனத்தைப் பக்தி என்று நினைத்தேன். (இருபத்தாறு வயதில் ஆண்பிள்ளைகளுக்கு மூளை வளர்ந்துகொண்டிருக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அப்போதுதான் விதையே போட்டிருந்தார்கள் போலிருக்கிறது.)

தேவசகாயமோ செய்தியை வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. முடி வெட்டுகிறவர், பால்காரர், ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர், சபை மூப்பர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். வயதான போதகர் ஐயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். 'சோல்' என்றதை ஆங்கிலத்து ஆத்துமா என்று எடுத்துக்கொண்டு, நான் ஜனங்களை ஆண்டவரிடம் சேர்க்கிறேன் என்று நினைத்து, என் கையைப் பிடித்து, "வாலிப வயசுல ஆத்தும ஆதாயம் பண்றது பெரிய காரியம் தம்பி" என்று ஆசீர்வதித்தார். அதற்கும் தலையை ஆட்டினேன். பழகிவிட்டது.

நவம்பரில் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் தங்கள் தோட்டத்துப் பூசணி, வாழைத்தார், கோழி, முட்டை என்று கொண்டுவந்து படைத்து, பிறகு ஏலம் விடுவார்கள். மாலையில் சர்ச் ஹாலில் பாட்டும் நாடகமும் இருக்கும். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு தேவசகாயம் சொன்னார்:

"இந்த வருஷம் உங்க நிகழ்ச்சி ஒண்ணு போட்டிருக்கேன் மாப்பிள்ளை. அந்த பூட்ஸ் சாம்பிள் ஒரு ஜோடி கொண்டு வாங்க. மேடையில போட்டு நடந்து காட்டி ரெண்டு வார்த்தை பேசிடுங்க. நோட்டீஸே அடிச்சாச்சு. மறு ஞாயிறு முதல் ஓலை வாசிச்சுடலாம்னு ஐயாகிட்ட சொல்லிட்டேன்."

ஓலை வாசிப்பதென்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று கோவிலில் மூன்று வாரம் அறிவிப்பது. ஆக, பூட்ஸ் வந்தால் ஓலை. பூட்ஸ் வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் 'சந்திர காலணி நிபுணர்' என்று போட்டிருந்தது.

மறுநாள் காலை கம்பெனியில் சாம்பிள் தைக்கிற ஏழுமலையிடம் போய் நின்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எந்தக் காலுக்கும் ஷூ தைத்துவிடுவார்.

"அண்ணே, அவசரமா ஒரு ஜோடி பூட்ஸ் வேணும். சந்திரனுக்கு."

"எந்தச் சந்திரன்? அக்கவுண்ட்ஸ்ல கீறாரே, அவரா? அவருக்கு இன்னாத்துக்கு பூட்ஸு?"

"அவர் இல்லண்ணே. மேல இருக்கற சந்திரன்."

ஏழுமலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பொண்ணு நல்லா கீதா?" என்றார்.

"நல்லா இருக்கும்ண்ணே."

"அப்ப சரி. பேஜார் புடிச்ச வேலைதான், பண்ணித் தரேன் போ."

அடிக்கு லாரி டயரின் உள் டியூப். அதன்மேல் குறுக்கு மேடுகளுக்கு சைக்கிள் டயரை வெட்டிய பட்டைகள். வெளிப்பக்கம் பளபளப்புக்குத் தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள். நீல நிறம் வேண்டும் என்றேன். துணிக்குப் போடுகிற நீலத்தை பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷனில் குழைத்து அடிப்பாகம் பூராவும் மெழுகினார். உள்ளே லைனிங்குக்குக் கெட்டித் துணி வேண்டும், கம்பெனித் துணியில் கை வைக்க முடியாது, நீயே கொண்டுவா என்றார். வீட்டில் அம்மா துவைத்து மடித்து வைத்திருந்த கோதுமை மாவுச் சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வெள்ளைத் துணிச் சாக்கு, நல்ல உறுதி. அதில் என்னவோ அச்சடித்திருந்தது. எழுத்து காலில் படாதபடி வெளிப்பக்கம் திருப்பி, மிச்சமிருந்த அதே நீலச் சொல்யூஷனால் ஒட்டிவிட்டார்.

வேலை முடிந்தபோது பண்டிகைக்கு முந்தைய நாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இத்த மூணு நாளு வெயில்ல காட்டணும் சார்" என்றார் ஏழுமலை. "இல்லாங்காட்டி சொல்யூசன் காயாது. இஸ்துகினே வரும்."

"நாளைக்கே வேணும்ண்ணே."

"அப்ப வெயிலை நீ இட்டா."

வெயிலை என்னால் கொண்டுவர முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் பல்லாவரத்தில் ரயில் ஏறினேன். பூட்ஸ் இரண்டையும் பைக்குள் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதனால் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பியைக்கூடப் பிடிக்க முடியாமல், ரயில் ஆடுகிற பக்கமெல்லாம் ஆடியபடி நின்றேன். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், யானைக்குட்டியை எங்க விட்டுட்டு வந்தே? செருப்பு மட்டும் வருது?"

பெட்டியே சிரித்தது. நிபுணர்கள் ரயிலில் வாக்குவாதம் செய்வதில்லை.

"எம்மா நேரம் தூக்கினு நிப்பே? கீய வையேன்."

"வெச்சா ஒட்டிக்கும்மா."

"கீய ஒட்டிக்கினா எப்படி சார் நடக்கிறது?" என்றார் அந்த அம்மா. மூன்று மாதமாக என்னிடம் யாரும் கேட்காத ஒரே அறிவுள்ள கேள்வி அதுதான். அப்போதாவது குரோம்பேட்டையில் இறங்கி வீட்டைப் பார்க்கத் திரும்பியிருக்கலாம். நான் தாம்பரம் வரைக்கும் போனேன்.

சர்ச் ஹால் நிரம்பி வழிந்தது. மேடையின் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை ஒரே பெரிய ஜமக்காளம் விரித்திருந்தார்கள். அதன் மறுகோடியில் ஹார்மோனியத்தோடு பொன்னம்மாள் டீச்சர். சபையின் பாட்டுக் குழுத் தலைவி, அறுபது வயது, எதையும் நம்பாத மூக்குக்கண்ணாடி. மேடை முன்புறம் பூசணிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்காகவென்று இரண்டு பெரிய ஃபோகஸ் விளக்குகளை வாடகைக்கு எடுத்து மேடையை நோக்கித் திருப்பி வைத்திருந்தார் தேவசகாயம்.

நான் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, காலைக் கீழே ஊன்றாமலே பூட்ஸை மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். தேவசகாயம் என்னை அறிமுகப்படுத்தினார். பதினைந்து நிமிடம். சந்திரனுக்குப் போன மூன்று பேரைப் பற்றி இரண்டு நிமிடம், என்னைப் பற்றிப் பதின்மூன்று நிமிடம். "இந்தக் கையாலதான்..." என்று என் கையை உயர்த்திக் காட்டினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. எஸ்தர் மூன்றாவது வரிசையில், முழங்கையை மடியில் ஊன்றி, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து நிற்பதற்குள் பொன்னம்மாள் டீச்சர் கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம் தம்பி. போனவங்க அந்த பூட்ஸைச் சந்திரன்லயே கழட்டிப் போட்டுட்டு வந்துட்டாங்கன்னு பேப்பர்ல படிச்சேனே? பாரத்தைக் குறைக்கணும்னு?"

உண்மை. நானே படித்திருந்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா, "நல்ல பழக்கம்! செருப்பை வெளியவே விட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு மூச்சு வந்தது.

"இது ஸ்பேர் ஜோடிங்க டீச்சர்" என்றேன். "ஒருவேளை அது கடிச்சா இதைப் போட்டுக்க."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நான் ஜமக்காளத்தின் மேல் காலை வைத்தேன்.

முதல் அடி பரவாயில்லை. இரண்டாவது அடியில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். மூன்றாவது அடியை எடுக்க இடுப்பிலிருந்து பலம் கொடுக்க வேண்டியிருந்தது. காலை மெல்ல, மெல்ல உயர்த்தி, காற்றில் நிறுத்தி, மெல்லக் கீழே வைத்தேன். வேறு வழியில்லை.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று மைக்கில் கூவினார் தேவசகாயம். "இப்படித்தான் நடப்பாங்க! அங்க ஈர்ப்பு விசை கம்மி!"

சந்திரனில் எப்படியோ, கிழக்குத் தாம்பரத்தில் ஈர்ப்பு விசை ஆறு மடங்கு கூடியிருந்தது. ஃபோகஸ் விளக்குகளின் சூட்டில் அடியிலிருந்த நீலச் சொல்யூஷன் அல்வாப் பதத்துக்கு இளகியிருந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். குழந்தைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். நெற்றியில் வியர்வை கொட்ட, புன்னகை மாறாமல், மேடை நடுவரை வந்துவிட்டேன். அங்கே வலது கால் நின்றுவிட்டது. இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, ஆண்டவரே என்று பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

வந்தது. கூடவே ஜமக்காளமும் வந்தது.

ஒரு பெரிய அலை மாதிரி அது மேடையின் அந்தக் கோடியிலிருந்து கிளம்பியது. அலையின் மேல் ஹார்மோனியம், அதன் பின்னால் நாற்காலியோடு பொன்னம்மாள் டீச்சர். ஹார்மோனியம் ஙொய்ங் என்று ஒரே ஸ்வரத்தில் அலறிக்கொண்டே சாய்ந்தது. டீச்சர் "ஏசப்பா!" என்றார், வேறொரு ஸ்வரத்தில். நான் மல்லாந்து விழுந்தேன். என் கை பட்டு முன்வரிசைப் பூசணி ஒன்று உருண்டு, மேடையிலிருந்து குதித்து, போதகர் ஐயாவின் காலடியில் போய் நின்றது. கைதட்டல் ஒரு கணம் நின்று, முன்னைவிட பலமாகத் தொடர்ந்தது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று பாதிப் பேர் நினைத்துவிட்டார்கள்.

டீச்சருக்கு அடி ஒன்றும் இல்லை. (கோபத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.) நான்தான் ஜமக்காளத்தோடு ஒட்டிக் கிடந்தேன். வாலிபர் சங்கத்து ஆட்கள் மூன்று பேர் மேடை ஏறினார்கள். ஒருவர் கயிற்றைக் கத்தியால் அறுத்தார். ஒருவர் என் அக்குளைப் பிடித்துக்கொண்டார். மூன்றாமவர் பூட்ஸைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று இழுத்தார்.

என் கால் வெளியே வந்தது. ஆனால் வெறுங்காலாக வரவில்லை. உள்ளேயும் சொல்யூஷன் காயாததால் லைனிங் மொத்தமும் பூட்ஸை விட்டுவிட்டு என் காலோடு வந்துவிட்டது. மாவுச் சாக்கு ஒன்றைக் காலுறையாகப் போட்டுக்கொண்டு, ஃபோகஸ் வெளிச்சத்தில், முந்நூறு பேருக்கு முன்னால், என் வலது கால் ஆகாயத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அதில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, கைகுலுக்கிக்கொள்கிற இரண்டு கைகளின் படம். கீழே ஆங்கிலத்தில், இது அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்பனைக்கு அல்ல என்ற வாசகம்.

முதலில் மாதர் சங்கத்துப் பக்கமிருந்துதான் குரல் வந்தது.

"அய்யோ, இது மாவுச் சாக்கு இல்ல? போன மாசம் சபையில குடுத்தாங்களே!"

"ஆமாக்கா! என் பையனுக்கு இதே துணியிலதான் டிராயர் தெச்சிருக்கேன்!"

"என் வீட்டுத் தலகாணி உறைகூட இதுதான்!"

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை நான் வர்ணிக்கப் போவதில்லை. என் காலைக் கீழே இறக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் என் கண்ணில் பட்டது தேவசகாயத்தின் முகம் மட்டும்தான். மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. மூன்று மாதமாக அந்த மனிதர் அடைந்த சந்தோஷம் முழுவதும் என் கால் பெருவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. விழுந்தபோது வந்தது வெறும் வலி.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சிரிக்காதீங்க!" என்று மைக்கில் அதட்டினார். "இதுல சிரிக்க என்ன இருக்கு? அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா? அமெரிக்கா! இதைவிட வேற என்ன ருசு வேணும்? மாவு போடவும் பூட்ஸுக்குள்ள வைக்கவும் அவன் ஒரே துணியை உபயோகிச்சா உங்களுக்கு என்ன கஷ்டம்? சிக்கனக்காரன்! அதனாலதான் அவன் சந்திரனுக்குப் போறான், நீங்க தாம்பரத்துலயே இருக்கீங்க!"

சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் ஏலம் ஆரம்பமாயிற்று.

ஹாலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, காலிலிருந்து சாக்கைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வரை நீலம். எஸ்தர் வந்தாள். கையில் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் கந்தைத் துணியும். மூன்று மாதத்தில் நாங்கள் தனியாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இதுல ஊறப் போட்டுத் தேய்ங்க. வரும்" என்றாள். பிறகு, "நீங்க சொன்னதுல எது நிஜம்?"

"அமெரிக்காவுக்குப் பெட்டி போறது நிஜம்" என்றேன். "அதுமேல லேபிள் ஒட்டறேன். அவ்வளவுதான் என் வேலை."

அவள் என் காலைப் பார்த்தாள். கழற்ற வராத இடது பூட்ஸோடு, கத்தியால் அறுத்த ஜமக்காளத் துண்டு ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் ஒட்டறீங்க" என்றாள்.

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், அழவேண்டிய நேரத்தில் அதுதான் வந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"முதல் நாளே. 'அடிப்பாகங்க'ன்னு சொன்னீங்க பாருங்க, டிரங்க் கால்ல பொய் சொல்றவங்க குரல் அப்படித்தான் இருக்கும். எங்க வரைக்கும் போறீங்கன்னு பாத்துகிட்டிருந்தேன்." சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா எங்கப்பா உங்களை நம்பினார். நாளைக்கு வந்து அவர்கிட்ட நீங்களே சொல்லணும். சொன்னாத்தான் மத்தது."

மறுநாள் போனேன். மண்ணெண்ணெய் வாடையோடும், தேய்த்தும் போகாத நீலப் பாதங்களோடும். தேவசகாயம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நோட்டு மூடியிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: முறுக்கு, தலையாட்டல், வாசகசாலை, ஏழுமலை, டியூப், சாக்கு. உங்களை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் மூடியிருந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"உங்களுக்கென்ன சாமுவேல், நீங்க சொன்னது ஒரே ஒரு ஆள்கிட்ட. சுலபமா வாபஸ் வாங்கிக்கலாம். நான் அதை மூணு மாசமா தாம்பரம் பூரா பட்டுவாடா பண்ணியிருக்கேன். பட்டுவாடா ஆன தபாலைத் திருப்பி வாங்கறது எங்க டிபார்ட்மெண்ட்ல கிடையாது."

"மாமா, ஆனா அது பொய்..."

"அது உங்களுக்கும் எனக்கும். ஊருக்கு இல்ல. உக்காருங்க. காபி சாப்பிடறீங்களா?"

உட்கார்ந்தேன். காபி வந்தது. கூடவே முறுக்கு வந்தது. நான் முறுக்கைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார்கள். "இந்த விவாகத்துக்கு ஆட்சேபம் உள்ளவர்கள்..." என்று போதகர் ஐயா நிறுத்தியபோது, பொன்னம்மாள் டீச்சர் எழுந்து நின்றார். என் உயிர் ஒரு கணம் சந்திரனுக்கே போய்விட்டது. "ஆட்சேபம் இல்ல ஐயா. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை என்ன ஷூ போடறார்னு முன்னாடியே சொல்லிடணும். என் நாற்காலியை அதுக்குத் தக்க போட்டுக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சபை சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது. ஆராதனை நடுவே அவ்வளவு சிரிப்பை அந்தக் கோவில் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. (செருப்புதான் போட்டிருந்தேன். புதுசு, தோல், கடித்தது.) லேபிள் ஒட்டியே சூப்பர்வைசராகி, அங்கேயே ஓய்வும் பெற்றேன். நீலத் தடம் பதிந்த ஜமக்காளத்தைச் சபையார் வெகுகாலம் வைத்திருந்தார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அந்தத் தடங்களின் மேல் உட்காரச் சண்டை போட்டுக்கொள்வார்கள். மாமனார் கடைசி வரைக்கும் தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. வலது பூட்ஸைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். நான் மறுத்துப் பேச வாயெடுத்தால், "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்பார். அவர் நிஜமாகவே நம்பினாரா, இல்லை எனக்காகவும் தனக்காகவும் சேர்த்து நம்புவதென்று முடிவு செய்துகொண்டாரா என்று கேட்கும் தைரியம் எனக்குக் கடைசி வரை வரவில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பு வரை, அப்பா சந்திரனுக்கு பூட்ஸ் தைத்தவர் என்றே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தருக்கு இப்போது எழுபத்தாறு வயது. முழங்கால் வலி, குனிய முடியாது என்பாள். ஆனால் இன்றைக்கும், காலை நடைக்குப் போன வழியில் போண்டா எதுவும் சாப்பிடவில்லை, சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டேன் என்று எதையாவது நான் சத்தியமாகச் சொன்னால், அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மெதுவாகக் குனிந்து, என் காலில் நீலம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள்.